போலீஸுக்கு இன்னும் 14 பவுண்டு தரலாமா? வாசகர் கேள்வி – பதில்

பிரிட்டனில் வீட்டுக்காக உள்ளூர் கவுன்சிலுக்குக் கட்டும் கவுன்சில் வரியின் பில்லில் வரும் போலீஸ் பங்கைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். வேறு ஆண்டு என்று குறிப்பிடாத இடங்களில் பவுண்டுக் கணக்கெல்லாம் 2025-26 நிதியாண்டுக்கு உரியவை.

மில்டன் கீன்ஸ் வாசகி: ஜனவரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. உள்ளூர் போலீஸுக்காக மாதம் 1 பவுண்டு 17 பென்ஸ் கூடுதலாகத் தரச் சம்மதமா என்று கேட்டிருந்தார்கள். முடிவை முன்னமே எடுத்துவிட்டு ஒப்புக்குத்தானே கேட்கிறார்கள்?

ஒப்புக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். கேட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். 1996ஆம் ஆண்டின் போலீஸ் சட்டம், 96ஆம் பிரிவின்படி, அந்த நிதியாண்டுக்கான முதல் வரிக் கோரிக்கையை வெளியிடும் முன் செலவுத் திட்டம் பற்றி அந்தப் பகுதி மக்களின் கருத்தைப் பெறவேண்டும். ஆனால் வந்த கருத்துப்படியே நடக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இந்த இடைவெளியைப் புரிந்துகொண்டால் உங்கள் பதிலை எப்படி எழுதினால் எடுபடும் என்பது தெரிந்துவிடும்.

தொகையை முடிவு செய்பவர் போலீஸ் அண்ட் கிரைம் கமிஷனர், சுருக்கமாகப் பி.சி.சி. இவர் சீருடை அணிந்த அதிகாரி அல்லர், வாக்கு வாங்கி வந்தவர். 2011ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான பதவி இது, முதல் தேர்தல் 2012 நவம்பரில் நடந்தது. படையை நடத்துபவர் சீஃப் கான்ஸ்டபிள். அந்தப் பெயரைத் தமிழில் 'தலைமைக் காவலர்' என்று எழுதினால் பொருளே தலைகீழாகிவிடும், ஏனென்றால் படைக்கே அவர்தான் தலைவர். பணம் திரட்டுவதும் பட்ஜெட் ஒதுக்குவதும் பி.சி.சி., அந்தப் பணத்தில் யாரை எங்கே நிறுத்துவது என்பது சீஃப் கான்ஸ்டபிள். கவுன்சில் வெறும் வசூல்காரர். பி.சி.சி. கேட்கும் தொகையைத் தன் பில்லில் சேர்த்து வாங்கி அவரிடம் ஒப்படைக்கிறது. அந்தக் கோரிக்கைக்குத்தான் பிரீசெப்ட் என்று பெயர்.

நாட்காட்டி மிக இறுக்கமானது. மத்திய அரசு எவ்வளவு மானியம் தரும், உள்ளூரில் எவ்வளவு வரை உயர்த்தலாம் என்பது டிசம்பர் நடுவில்தான் தெரியவரும். பிப்ரவரி 1க்குள் பி.சி.சி. தான் உத்தேசித்த தொகையைப் போலீஸ் அண்ட் கிரைம் பேனலுக்குச் சொல்லிவிட வேண்டும். பேனல் பிப்ரவரி 8க்குள் அதை ஆராய்ந்து அறிக்கை தரவேண்டும். பேனல் என்பது உள்ளூர்க் கவுன்சிலர்கள் பத்துப் பேராவதும், வெளியிலிருந்து சேர்க்கப்பட்ட இருவரும் கொண்ட குழு. மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் எதிர்த்தால் பேனல் அந்தத் தொகையை வீட்டோ செய்யலாம், அதாவது தடுத்து நிறுத்தலாம். இது கூட்டத்துக்கு வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு அல்ல, மொத்த உறுப்பினர்களில். ஆகவே வராமல் போன ஒவ்வொரு உறுப்பினரும் வீட்டோவைக் கடினமாக்குகிறார். வீட்டோ ஆனாலும் பேனல் தானாக ஒரு தொகையை நிர்ணயிக்க முடியாது. அதிகம் என்று சொல்லித் தடுத்திருந்தால் பி.சி.சி. பிப்ரவரி 15க்குள் குறைந்த தொகையோடு திரும்பி வரவேண்டும், அவ்வளவுதான். இரண்டாம் முறை வீட்டோ கிடையாது. மார்ச் 1க்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

ஆக, மக்களிடம் கருத்துக் கேட்க இருக்கும் காலம் கிறிஸ்துமஸையும் சேர்த்து ஆறு வாரம். இந்த அவசரம்தான் எங்களுக்கு உறுத்துகிறது. செப்டம்பரிலேயே 'எந்தச் சேவை வேண்டும், எதை விட்டுக்கொடுக்கலாம்' என்று கேட்டுவிட்டு, ஜனவரியில் தொகையை மட்டும் கேட்டால் அது நேர்மையான கருத்துக்கேட்பாக இருக்கும்.

உங்கள் பதிலுக்கு வருவோம். 'ஆம்', 'இல்லை' கட்டத்தில் போடும் டிக் ஒரு சதவீதக் கணக்கில் கரைந்துவிடும். கீழே இருக்கும் கருத்துப் பெட்டியை வெறுமையாக விடாதீர்கள். அதில் வரும் குறிப்புகளைத் தொகுத்துப் பேனலுக்கு வைக்கும் வழக்கம் உண்டு. 'போலீஸ் சரியில்லை' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. எங்கள் வார்டுக்கென ஒதுக்கிய நெய்பர்ஹுட் காவலர் குழுவில் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள், போலீஸின் அவசரமற்ற அழைப்பு எண்ணான 101க்கு அழைத்தால் சராசரி எத்தனை நிமிடக் காத்திருப்பு, சென்ற ஆண்டு உயர்த்தியபோது சொன்னவற்றில் எது நடந்தது என்று மூன்றே வரியில் கேளுங்கள். பேனல் கவுன்சிலர் ஒருவர் அதைக் கையில் எடுத்தால் பி.சி.சி. பொதுக்கூட்டத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

ஸ்லவ் வாசகர்: 'ஆண்டுக்கு 14 பவுண்டு' என்கிறார்கள். என் பில்லில் அந்தத் தொகை வரவில்லையே?

14 என்பது பேண்ட் டி வீட்டுக்கான கணக்கு. இங்கிலாந்தில் வீடுகள் 1991 ஏப்ரல் 1 அன்று என்ன விலை பெற்றிருக்கும் என்பதை வைத்து ஏ முதல் எச் வரை எட்டுப் பேண்டுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. டி என்பது அன்றைய 68,001 முதல் 88,000 பவுண்டு வரையிலான வீடு. மற்றவை டியின் ஒன்பதில் இத்தனை பங்கு என்ற கணக்கில் வரும். ஏ ஆறு பங்கு, பி ஏழு, சி எட்டு, ஈ பதினொன்று, எஃப் பதின்மூன்று, ஜி பதினைந்து, எச் பதினெட்டு. ஆகவே 14 பவுண்டு உயர்வு ஏ பேண்டில் 9.33, பியில் 10.89, சியில் 12.44, ஈயில் 17.11, எச்சில் 28 பவுண்டு.

இதில் ஒரு நியாயக் குறையும் இருக்கிறது. எச் பேண்ட் வீடு அன்றைய விலையில் ஏ பேண்ட் வீட்டைப்போல எட்டு மடங்குக்கு மேல் பெறும், வரியோ மூன்று மடங்குதான். 'போலீஸுக்குத் தரத் தயார், ஆனால் இந்த வரி வழியாக வேண்டாம்' என்று சொல்பவர்களின் வாதம் இதிலிருந்துதான் எழுகிறது. அது கஞ்சத்தனம் அல்ல. அதைக் கருத்துக்கணிப்பில் சொல்ல ஒரு கட்டம் இருப்பதில்லை என்பதுதான் குறை.

தனியாக வாழ்பவருக்கான 25% தள்ளுபடி போலீஸ் பங்குக்கும் சேர்த்தே கழிக்கப்படும். முழுநேர மாணவர்கள் மட்டுமே வாழும் வீட்டுக்கு முழு விலக்கு. உடற்குறைபாடு உள்ளவருக்காக வீட்டில் கூடுதல் அறையோ சக்கர நாற்காலிக்கான இடமோ ஒதுக்கியிருந்தால் ஒரு பேண்ட் கீழே இறக்கிக் கணக்கிடச் சொல்லிக் கவுன்சிலுக்கு விண்ணப்பிக்கலாம்.

கேட்ஸ்ஹெட் வாசகர்: சரே மாவட்டத்தில் வாழும் என் அக்கா போலீஸுக்கு என்னைவிட நூறு பவுண்டுக்கு மேல் அதிகம் கட்டுகிறார். பணக்காரப் பகுதி என்பதால் அங்கே போலீஸ் அதிகமா?

அப்படிச் சொல்ல முடியாது. அக்காவின் பணத்தில் பெரும்பகுதி, மத்திய அரசு அங்கே தராமல் விட்டதை ஈடு செய்யப் போகிறது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள 43 பிராந்தியப் படைகளை மொத்தமாகப் பார்த்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பணம் கவுன்சில் வரியிலிருந்து வருகிறது. ஆனால் சராசரி இங்கே ஏமாற்றும். சரேயில் பாதிக்கு மேல் வரிப்பணம். உங்கள் நார்தம்ப்ரியாவில் ஐந்தில் ஒரு பங்கு அளவே. பேண்ட் டி கணக்கில் சரே 300 பவுண்டுக்கு மேல் கேட்கிறது, நார்தம்ப்ரியா 200க்குக் கீழே.

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டால் விளங்கும். இரண்டு படைகள், இரண்டுக்கும் ஆண்டு பட்ஜெட் 300 மில்லியன் பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் படையின் பகுதியில் 5 லட்சம் பேண்ட் டி வீடுகளுக்கு இணையான வரித்தளம், வீட்டுக்கு 300 பவுண்டு. வரி வருமானம் 150 மில்லியன், மீதி 150 மானியம். இரண்டாம் படைக்கு 3 லட்சம் வீடுகளுக்கு இணையான வரித்தளம், வீட்டுக்கு 200 பவுண்டு. வரி 60 மில்லியன், மானியம் 240.

இப்போது அரசு இருவருக்கும் ஒரே சலுகை தருகிறது: 14 பவுண்டு வரை உயர்த்திக்கொள்ளலாம். முதல் படைக்கு 70 லட்சம் பவுண்டு கூடும், இரண்டாவதுக்கு 42 லட்சம். தேவை எங்கே அதிகம் என்ற கேள்வியே இதில் எழவில்லை. பெரிய வீடுகள் எங்கே அதிகமோ அங்கே பணம் சேர்ந்தது. மறுபுறம், மானியம் 5% வெட்டப்பட்டால் முதல் படை 75 லட்சம் இழக்கும், இரண்டாவது 1 கோடியே 20 லட்சம் இழக்கும். 2010க்குப் பிறகு மானியம் சுருங்கியபோது வட இங்கிலாந்தின் பெருநகரப் படைகளும் வெஸ்ட் மிட்லண்ட்ஸும் அதிகம் அடிபட்டது இந்தக் கணக்கால்தான்.

சரேக்காரர்களிடமும் நியாயம் உண்டு. 'வீட்டுக்கு நாங்கள்தான் அதிகம் தருகிறோம், மானியத்தில் எங்களைத்தான் ஒதுக்குகிறார்கள்' என்பது அவர்கள் குரல். இரண்டு பக்கமும் விரல் நீட்டுவது மானியத்தைப் பங்கிடும் சூத்திரத்தை நோக்கி. அதில் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்கள்கூட இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பல ஆண்டுகளாக எல்லாப் படைகளுக்கும் ஏறத்தாழ ஒரே சதவீதத்தில்தான் மானியம் ஏறுகிறது, இறங்குகிறது. ஆகவே பழைய ஏற்றத்தாழ்வு அப்படியே உறைந்துவிட்டது. 2015இல் புதிய சூத்திரம் கொண்டுவர முயன்றார்கள். உள்துறை அமைச்சகம் தவறான தரவை வைத்துக் கணக்குப் போட்டிருந்ததை டெவன் அண்ட் கார்ன்வால் தரப்பு கண்டுபிடித்துச் சொன்னது. அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார், திட்டம் நிறுத்தப்பட்டது.

சூத்திரத்தை மாற்றும் அதிகாரம் உங்கள் பி.சி.சி.யிடம் இல்லை. அதைப் பற்றி எழுத வேண்டியது உங்கள் எம்.பி.க்கு.

லூட்டன் வாசகி: இவ்வளவு பெரிய விஷயத்துக்கு மக்களிடம் நேரடி வாக்கெடுப்பு நடத்தினால் என்ன?

உங்கள் ஊரிலேயே நடந்திருக்கிறது. 2011ஆம் ஆண்டின் லோக்கலிசம் சட்டப்படி, அமைச்சர் விதிக்கும் வரம்பைத் தாண்டி உயர்த்த விரும்பினால் வாக்கெடுப்புக் கட்டாயம். அந்தச் சட்டத்தின்கீழ் கவுன்சில் வரிக்காக வாக்குச்சாவடி வரை போன ஒரே வாக்கெடுப்பு பெட்ஃபர்ட்ஷயர் போலீஸ் பங்குக்கானது. நாள் 2015 மே 7, பொதுத்தேர்தலும் அன்றுதான். வரம்பு 2%, கேட்டது 15.8%. பேண்ட் டி வீட்டுக்கு வாரம் 48 பென்ஸ். அதில் 100 கான்ஸ்டபிள்களை எடுப்போம் என்றார்கள். ஆதரவு 91 ஆயிரம் வாக்கு, எதிர்ப்பு 2 லட்சத்து 7 ஆயிரம். பத்தில் ஏழு பேர் வேண்டாம் என்றார்கள்.

போலீஸ் வேண்டாம் என்று மக்கள் சொன்னதாக இதைப் படிக்கக் கூடாது என்பது எங்கள் கருத்து. பல காரணங்கள் ஒன்றுசேர்ந்தன. வாக்குச்சீட்டில் சதவீதம்தான் கண்ணில் படும், 15.8 என்ற எண் யாரையும் திடுக்கிட வைக்கும். பொதுத்தேர்தல் நாள் என்பதால் போலீஸ் நிதியைப் பற்றி ஒரு துண்டறிக்கையும் படிக்காதவர்களும் வாக்களித்தார்கள். அதைவிட முக்கியம், புதிய பில்கள் உயர்த்திய தொகையோடு மார்ச்சிலேயே வீட்டுக்கு வந்துவிட்டன. தோற்றதும் பில்களைத் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டியதாயிற்று. வாக்கெடுப்புச் செலவும் மறு பில் செலவும் உயர்வைக் கேட்டவர் தலையிலேயே விழும், அதாவது போலீஸ் நிதியிலிருந்தே போகும்.

அதற்குப் பிறகு வேறு எந்தப் பி.சி.சி.யும் அந்தப் பக்கம் போகவில்லை. அரசு விதிக்கும் வரம்பே நடைமுறையில் விலைப்பட்டியலாகிவிட்டது. 2018-19இல் 12 பவுண்டு, அடுத்த ஆண்டு 24, பிறகு 10, 15, 10, 15, 13, 14. வரம்பு என்னவோ அதையே பெரும்பாலானோர் கேட்கிறார்கள். அரசும் போலீஸ் நிதியை அறிவிக்கும்போது எல்லாப் பி.சி.சி.களும் உச்ச வரம்பு வரை உயர்த்துவார்கள் என்று எடுத்துக்கொண்டே மொத்தத் தொகையைச் சொல்கிறது. அறிவிப்பில் வரும் 'இவ்வளவு வரை' என்ற சொல்லில் 'வரை' எதற்கு நிற்கிறது என்று இப்போது புரியும். அந்தப் பணத்தில் ஒரு பகுதி உங்கள் பில்லிலிருந்து வரப்போவது.

ஈஸ்ட் ஹாம் வாசகர்: லண்டனில் பி.சி.சி. இல்லையே, இங்கே யாரிடம் கேட்பது?

மேயரிடம். உங்கள் பில்லில் 'கிரேட்டர் லண்டன் அதாரிட்டி' என்ற வரி இருக்கும், மெட்ரோபாலிட்டன் போலீஸுக்கான பணம் அதற்குள் அடக்கம். 2025-26இல் பேண்ட் டிக்கு அது 490.38 பவுண்டு, முந்தைய ஆண்டைவிட 18.98 அதிகம். அந்த உயர்வில் 14 பவுண்டு போலீஸுக்கு. மேயரின் பட்ஜெட்டை, வாக்கில் தேர்ந்தெடுக்கப்பட்ட லண்டன் அசெம்ப்ளி மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் திருத்தலாம், ஆகவே உங்கள் அசெம்ப்ளி உறுப்பினருக்கு எழுதுவது வீணல்ல. சிட்டி ஆஃப் லண்டன் என்ற சதுர மைலுக்குத் தனிப் படை உண்டு. அங்கே குடியிருப்போர் மெட் போலீஸ் பங்கைக் கட்டுவதில்லை.

மான்செஸ்டர், லீட்ஸ், ஷெஃபீல்ட் பகுதி வாசகர்களுக்கும் மேயர்தான் பொறுப்பு.

கார்டிஃப் வாசகர்: வேல்ஸிலும் இதே விதிகளா?

பிரீசெப்ட் உண்டு, வாக்கெடுப்பு விதி கிடையாது. அளவுக்கு மீறினால் தடுக்கும் அதிகாரம் வேல்ஸ் அமைச்சர்களிடம் இருக்கிறது. பேண்டுகள் 2003 விலைப்படி, ஐ என்ற ஒன்பதாவது பேண்டும் உண்டு. ஸ்காட்லாந்தில் 2013 ஏப்ரலில் எட்டுப் படைகளும் ஒன்றாகிவிட்டன, பணம் ஸ்காட்லாந்து அரசு தருகிறது. ஆகவே கிளாஸ்கோ உறவினரின் பில்லில் போலீஸ் வரி என்று ஒன்று தேடினாலும் கிடைக்காது. வட அயர்லாந்தில் கவுன்சில் வரியே இல்லை.

கவன்ட்ரி வாசகி: ஆண்டுதோறும் உயர்த்துகிறார்கள். எங்கள் தெருவில் ஒரு காவலரைப் பார்த்து மாதங்கள் ஆகின்றன. பணம் எங்கே போகிறது?

நாடு முழுவதும் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது, கோபமும் நியாயமானதே. பதில் பெரும்பாலும் சம்பளப் பட்டியலில் இருக்கிறது.

ஒரு படையின் செலவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு ஊதியமும் ஓய்வூதியமும். போலீஸ் சம்பளத்தைப் பி.சி.சி. முடிவு செய்வதில்லை, அரசுதான் அறிவிக்கிறது, அதுவும் பட்ஜெட் போட்டு முடித்த பிறகு கோடையில். 2024இல் 4.75%, 2025இல் 4.2%. அரசு அதில் ஒரு பகுதிக்குக் கூடுதல் மானியம் தருவதுண்டு, முழுதும் தருவது அரிது. பிப்ரவரியில் 2.5% அல்லது 3% என்று எண்ணிப் பட்ஜெட் போட்ட படைக்குச் செப்டம்பர் முதல் துண்டு விழும். முன்பு சொன்ன 300 மில்லியன் படையை எடுங்கள். ஊதியம் 240 மில்லியன். சம்பளம் 4.2% ஏறினால் ஆண்டுக்கு ஒரு கோடி பவுண்டு வேண்டும். நம் இரண்டாம் படைக்கு 14 பவுண்டு உயர்வில் கிடைத்தது 42 லட்சம். ஒரு காவலரைக்கூடப் புதிதாகச் சேர்க்காமலே அந்தப் பணம் தீர்ந்துவிட்டது.

ஒரு காவலரின் விலையையும் பாருங்கள். 2025 செப்டம்பர் முதல் புதிதாகச் சேரும் கான்ஸ்டபிளின் சம்பளம் 31,163 பவுண்டு. அதன் மேல் ஓய்வூதியத்துக்குப் படை கட்டும் பங்கு 35.3%, சுமார் 11,000. தேசியக் காப்பீட்டுக்கு முதலாளி பங்காக 5,000க்கு மேற்பட்ட தொகையில் 15%, சுமார் 3,900. சீருடை, பயிற்சி, வாகனம் எதுவும் சேராமலே 46,000ஐத் தாண்டிவிட்டது. சம்பளப் படியின் உச்சிக்கு வந்த கான்ஸ்டபிளுக்கு இதே கணக்கு 75,000 அளவில் நிற்கும்.

அடுத்தது நேரக் கணக்கு. வாரத்துக்கு 168 மணி நேரம், ஒருவரின் வேலை வாரம் 40 மணி. ஓரிடத்தில் இரவும் பகலும் ஒருவர் இருக்க வேண்டுமானால் நால்வருக்கு மேல் வேண்டும். விடுப்பு, பயிற்சி, நீதிமன்ற நாள், நோய் எல்லாம் சேர்த்தால் ஐந்து பேராவது தேவை. 'நூறு புதிய காவலர்கள்' என்ற வாக்குறுதி ஒரு நேரத்தில் இருபது பேராகத்தான் வெளியே தெரியும், ஒரு மாவட்டம் முழுவதற்கும்.

பிறகு ஒரு விசித்திரமான விதி. காவலரைப் பணிக்குறைப்பு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்ப முடியாது, சட்டப்படி அவர் ஊழியர் அல்லர். மேலும் 2019க்குப் பின் 20,000 காவலர்களைச் சேர்த்த திட்டத்தையொட்டி, தலை எண்ணிக்கை குறைந்தால் மானியத்தில் ஒரு பகுதி வெட்டு என்ற நிபந்தனையும் வந்தது. ஆகவே பணம் போதாதபோது கத்தி விழுவது, காவலருக்குரிய முழு அதிகாரம் இல்லாமல் தெருவில் ரோந்து வரும் கம்யூனிட்டி சப்போர்ட் அலுவலர்கள் மீதும் 101 எடுக்கும் பணியாளர்கள் மீதும்தான். அவர்கள் விட்டுப்போன மேசை வேலைக்குச் சீருடைக்காரரே வந்து அமர்கிறார். எண்ணிக்கை குறையவில்லை, உங்கள் தெருவிலிருந்து மட்டும் ஆள் குறைந்தது. நெய்பர்ஹுட் பணிக்கு 13,000 பேரைக் கூடுதலாகக் கொண்டுவருவதாக இன்றைய அரசு சொல்லியிருக்கிறது, 2025-26இல் அதற்கெனத் தனியே 200 மில்லியன் பவுண்டும் ஒதுக்கியது. உங்கள் வார்டுக்கு அதில் எத்தனை பேர், அவர்களை வேறு பணிக்கு எத்தனை நாள் இழுத்துக்கொண்டார்கள் என்று கேட்டால்தான் உண்மை தெரியும்.

க்ராலி வாசகர்: '58 சதவீத மக்கள் வரி உயர்வை ஆதரிக்கிறார்கள்' என்ற மாதிரிச் செய்திகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

கேள்வித்தாளைப் பார்க்காமல் நம்பாதீர்கள். நான்கு இடங்களில் வழுக்கும்.

முதலாவது, விருப்பத் தெரிவுகள். மூன்று கட்டங்கள் தந்ததாக வையுங்கள்: 14 பவுண்டு உயர்வு, 10 பவுண்டு உயர்வு, உயர்வே வேண்டாம். முடிவு 38%, 20%, 42% என்று வந்தால் '58% பேர் உயர்வுக்கு ஆதரவு' என்று தலைப்புப் போடலாம். அதே எண்களை வைத்து '62% பேர் 14 பவுண்டை ஏற்கவில்லை' என்றும் போடலாம். இரண்டும் பொய்யில்லை. இவை விளக்கத்துக்காக நாங்கள் எடுத்துக்கொண்ட எண்கள், ஆனால் கணிப்புகள் அமைக்கப்படும் விதம் இதுதான்.

இரண்டாவது, தொகையைச் சொல்லும் விதம். ஆண்டுக்கு 14 பவுண்டு, மாதம் 1.17, வாரம் 27 பென்ஸ், எல்லாம் ஒன்றே. வாரக் கணக்கில் கேட்டால் 'அவ்வளவுதானா' என்று தோன்றும். ஏற்கெனவே கட்டும் இருநூறு, முந்நூறு பவுண்டையும் சேர்த்துச் சொன்னால் கை தயங்கும். பில்லில் கவுன்சிலின் உயர்வு, சமூகப் பராமரிப்புக்கான உயர்வு, தீயணைப்பு உயர்வு எல்லாம் ஒன்றாக வருகின்றன, கணிப்பிலோ போலீஸ் மட்டும் தனியே நிற்கிறது. 'தராவிட்டால் இத்தனை காவலர்களை இழப்போம்' என்று எச்சரித்துவிட்டு உடனே விருப்பம் கேட்பதும் பதிலைச் சாய்க்கும். அந்த எச்சரிக்கை உண்மையாகவே இருக்கலாம். அப்படியானால் உயர்வு கிடைத்தால் எந்த எண்ணிக்கை உறுதி என்பதையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும்.

மூன்றாவது, பதில் சொன்னவர் யார். இணையத்தில் திறந்து வைத்த கணிப்புக்குத் தாமாக வந்து பதிலளிப்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே அக்கறையோ கோபமோ உள்ளவர்கள். வாடகை வீட்டில் இருக்கும் இளைஞர்கள், ஆங்கிலம் இரண்டாம் மொழியானவர்கள், இரவு வேலை பார்ப்பவர்கள் குறைவு. மூவாயிரம் பேர் பதில் சொன்னாலும் அது மாவட்டத்தின் கருத்தாகிவிடாது. குலுக்கல் போலச் சீரற்ற முறையில் தேர்ந்தெடுத்த ஆயிரம் பேரிடம் கேட்டால் பிழை வீச்சு இருபுறமும் 3 புள்ளி அளவில் இருக்கும், நானூறு பேர் என்றால் 5. தாமாக வந்த மூவாயிரம் பேருக்கு இப்படி ஒரு வீச்சைக் கணக்கிடவே வழியில்லை. வயது, பாலினம், பகுதி, இனம் வாரியாக எடையிட்டுத் திருத்தினார்களா என்று அறிக்கையின் பின்பக்கத்தில் தேடுங்கள். 'ஆசிய வம்சாவளியினர்' என்று தனியே ஒரு சதவீதம் கொடுத்து, அது நூறு பேரின் பதிலாக இருந்தால் வீச்சு 10 புள்ளி வரை போகும். அதை வைத்து நம் சமூகம் இப்படி நினைக்கிறது என்று யார் பேசினாலும் ஏற்காதீர்கள்.

நான்காவது, காலம். பத்து நாளில் மூடிய கணிப்பும் ஆறு வாரம் திறந்திருந்த கணிப்பும் ஒன்றல்ல.

வெம்ப்ளி வாசகர்: எனக்குச் சேவை கிடைக்காதபோது போலீஸ் பங்கை மட்டும் கழித்துக்கொண்டு கட்டலாமா?

கட்டாதீர்கள், நஷ்டம் உங்களுக்கே. சட்டப்படி பில் முழுவதும் ஒரே கடன், உங்களுக்கு வேண்டியதைப் பிரித்துக் கட்ட இடமில்லை. குறையும் தொகைக்கு முதலில் நினைவூட்டல் வரும். ஏழு நாளில் கட்டாவிட்டால், அடுத்த ஏழு நாள் கழித்து அந்த ஆண்டின் மீதித் தவணை முழுவதையும் ஒரே மொத்தமாகக் கேட்கும் உரிமை கவுன்சிலுக்கு வந்துவிடும். பிறகு மாஜிஸ்திரேட் நீதிமன்றச் சம்மன், கடனை வசூலிக்க அனுமதி தரும் லையபிலிட்டி ஆர்டர், வழக்குச் செலவு, அமலாக்க முகவர். போலீஸ் சரியில்லை என்பதை அந்த நீதிமன்றத்தில் வாதமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கையில் பணம் இறுக்கம் என்றால் பத்துத் தவணையைப் பன்னிரண்டாக மாற்றச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. வருமானம் குறைவானால் கவுன்சில் வரிக் குறைப்புக்கு விண்ணப்பியுங்கள். ஓய்வூதிய வயதினருக்கு இங்கிலாந்து முழுவதும் ஒரே விதி, மற்றவர்களுக்குக் கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும்.

ரெடிங் வாசகர்: பி.சி.சி. பதவியே போகப்போகிறதாமே?

2025 நவம்பரில் அரசு அப்படித்தான் அறிவித்தது. இப்போதைய பதவிக்காலம் முடியும் 2028 மே மாதத்தோடு நிறுத்தி, மேயர் இருக்கும் இடத்தில் மேயரிடமும், மற்ற இடங்களில் கவுன்சில் தலைவர்கள் கொண்ட குழுவிடமும் பொறுப்பைத் தரும் திட்டம். ஆள் மாறுவார், பில்லில் போலீஸ் பங்கு இருந்துகொண்டுதான் இருக்கும். தனக்கென்றே வாக்குக் கேட்டு வந்த ஒருவர் இல்லாமல் கவுன்சில் தலைவர்கள் சேர்ந்து இந்தத் தொகையை முடிவு செய்யும் இடங்களில், ஜனவரிக் கருத்துக்கேட்புக்கு மதிப்புக் கூட வேண்டும் என்பது எங்கள் எதிர்பார்ப்பு.

லெஸ்டர் வாசகி: என் மாமியாருக்கு ஆங்கிலம் வராது. கடைத்தெருவில் நடக்கும் திருட்டைப் பற்றி அவருக்குத்தான் எல்லாம் தெரியும். அவர் கருத்தை எப்படிச் சேர்ப்பது?

கணிப்புக்கு வீட்டுக்கு ஒரு பதில் என்ற கட்டுப்பாடு பொதுவாக இருக்காது, ஆளுக்கு ஒன்று கொடுக்கலாம். பில் யார் பெயரில் வருகிறது என்பதும் தடையல்ல. பி.சி.சி. அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்துத் தாள் படிவம் அனுப்பச் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பு உதவி உண்டா என்றும் கேளுங்கள். அவர் தமிழில் சொல்வதை நீங்களே ஆங்கிலத்தில் எழுதித் தரலாம். ஆனால் உங்கள் கருத்தை அதில் கலக்காமல் 'என் மாமியார் சொன்னதை நான் எழுதுகிறேன்' என்று குறித்துவிடுங்கள். எந்தக் கடைத்தெரு, எந்தக் கிழமை, எத்தனை மணி என்று அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள். அத்தகைய விவரம் பொதுக் கணிப்புகளில் மிக அபூர்வம்.

பேனலின் கூட்டம் எல்லாருக்கும் திறந்தது. நிகழ்ச்சி நிரல் ஐந்து வேலை நாளுக்கு முன்பே வெளியாகும், பி.சி.சி.யின் முழு அறிக்கையும் அதோடு இணைந்திருக்கும். மக்கள் கேள்வி கேட்க நேரம் ஒதுக்கும் பேனல்களில் கேள்வியை முன்கூட்டியே எழுத்தில் தரவேண்டும். கடைசி நாள் எது என்பதை ஜனவரி முதல் வாரத்திலேயே பேனலை நடத்தும் கவுன்சிலின் ஜனநாயகச் சேவைப் பிரிவில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு மாமியாரையும் அழைத்துப் போங்கள்.